'கேண்டிட்' என்ற சுலபமான சொல்: ஒரு முதுகலை மாணவியின் ஆங்கிலச் சொற்பயிற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாணவிக்கு அப்போது வயது 22. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். அப்புறம் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு எம்.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு வந்திருந்தார். காலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார், அதன் பிறகு நாற்பது நிமிடம் பஸ்ஸில் கல்லூரிக்குப் போவார். எம்.ஏ. முடித்ததும் நெட் தேர்வு எழுதி உதவிப் பேராசிரியர் ஆக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேருக்கு வீட்டில் பாடம் சொல்லித் தருகிறேன். ஜூலை மாதம் அவர் வந்தபோது கையில் இரண்டு பொருட்கள் இருந்தன. ஒன்று, திருத்தித் திரும்பி வந்த கட்டுரை. இன்னொன்று, ஓரம் நைந்துபோன லாங் சைஸ் நோட்டு.

நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்கேல் வைத்து மூன்று கட்டங்கள் போட்டிருந்தார். முதல் கட்டத்தில் ஆங்கிலச் சொல், இரண்டாவதில் தமிழ்ப் பொருள், மூன்றாவதில் எடுத்துக்காட்டு வாக்கியம். முதல் இரண்டும் மணி மணியான கையெழுத்தில் கடைசிப் பக்கம் வரை நிரம்பியிருந்தன. மூன்றாவது கட்டம் நாலாம் பக்கத்தோடு நின்றுவிட்டது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுக்காக அந்தக் காலத்தில் அச்சிட்ட 3,500 சொற்பட்டியலைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, அகர வரிசையில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். எதிர்ச்சொல் கேட்கும் கேள்விகளையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் கேள்விகளையும் அந்தத் தேர்வு 2011 ஆகஸ்டிலேயே கைவிட்டுவிட்டது. அது அவர் எழுதப்போகிற தேர்வும் இல்லை. ஆனால் பெரிய சொல் தெரிந்தால்தான் ஆங்கில இலக்கியம் பிடிபடும் என்று பள்ளிக்காலத்திலிருந்தே அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு வருட உழைப்பு அந்த நோட்டில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மரியாதையும் வருத்தமும் சேர்ந்தே வந்தன.

கட்டுரையில் நடந்தது

கட்டுரை, ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் வரும் மூத்த மகள் ஜேனைப் பற்றியது. அதில் பேராசிரியர் இரண்டு இடங்களில் சிவப்பு மையில் குறித்திருந்தார்.

முதல் இடம், ஜேன் நல்லதே நடக்கும் என்று நம்புகிற சுபாவம் உள்ளவள் என்று சொல்ல வந்த வாக்கியம். 'சேங்க்வின்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சேங்க்வினரி' என்று எழுதிவிட்டார். முன்னது நம்பிக்கையுள்ள சுபாவம். பின்னது இரத்த வெறி. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருந்ததால் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன. வகுப்பில் யாரோ அதை வாசித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள். அவர் என்னிடம் வந்ததற்கு உடனடிக் காரணம் அதுதான்.

இரண்டாவது குறிப்பை அவர் பொருட்படுத்தவே இல்லை. ஜேன் மனத்தில் பட்டதைப் பளிச்சென்று சொல்கிறவள் என்று இரண்டு பக்கத்துக்கு வாதம் செய்திருந்தார். ஓரத்தில் "நாவலில் எங்கே?" என்ற பொருளில் ஒரு கேள்விக்குறி. "இதை எங்கிருந்தும்மா எடுத்தே?" என்று கேட்டேன். "எலிசபெத்தே சொல்றாளே சார், ஜேன் கேண்டிட்னு" என்றார்.

ஜேனின் தங்கை எலிசபெத் அப்படிச் சொல்கிறாள்தான். நாலாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து 'கேண்டிட்' இன்றைய 'கேண்டிட்' இல்லை. இன்றைக்கு அது ஒளிவுமறைவில்லாமல் பேசுவது. ஆஸ்டின் காலத்தில் யாரையும் நல்லவிதமாகவே எடுத்துக்கொள்கிற, குறை காணாத மனசு என்ற பொருளும் அதற்கு உண்டு. எலிசபெத் அந்தப் பொருளில்தான் சொல்கிறாள். உண்மையில் ஜேன் தன் மனசை வெளியே காட்டாதவள். அவள் அன்பை, அவளை விரும்பும் பிங்லி உணராமல் போவதற்கும் அதுவே ஒரு காரணம், கதையே அங்கேதான் திரும்புகிறது. தெரிந்த சொல் என்று தாண்டிப் போனதால் பாத்திரத்தையே தலைகீழாகப் படித்திருக்கிறார்.

முதல் மூன்று வாரங்களில் கவனித்தவை

நோட்டிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 50 சொற்களைத் தொட்டு, தமிழ்ப் பொருள் கேட்டேன். 41-க்குச் சரியாகச் சொன்னார். அதே 50 சொற்களையும் வாக்கியங்களில் சரியாகவும் தவறாகவும் வைத்து, எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று அடுத்த வாரம் கேட்டேன். 19 மட்டுமே சரி.

அவர் தவறவிட்டதில் ஒன்று 'ராம்பன்ட்'. நோட்டில் 'கட்டுக்கடங்காத' என்று இருந்தது. அதை நம்பி, திருமண வீட்டில் மகிழ்ச்சி ராம்பன்ட்டாக இருந்தது என்ற வாக்கியத்தைச் சரி என்று குறித்தார். நான் தமிழிலேயே கேட்டேன்: "ஊழல் தலைவிரித்தாடுது, பஞ்சம் தலைவிரித்தாடுது. கல்யாண வீட்டுல சந்தோஷம் தலைவிரித்தாடுச்சுன்னு சொல்லுவியா?" ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அது கெட்டதுக்குத்தான் சார் வரும்" என்றார். 'ராம்பன்ட்'டும் ஏறக்குறைய அப்படித்தான். ஊழல், பணவீக்கம், வதந்தி, நோய் என்ற கூட்டத்தோடு அது நடமாடுகிறது. தமிழில் இந்த நுட்பம் அவருக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். பசி எடுக்கும், தாகம் எடுக்கும், தூக்கம் மட்டும் வரும். 'தூக்கம் எடுக்கிறது' என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கும் உறுத்தும். ஆங்கிலச் சொல்லுக்கும் இப்படி ஒரு சேர்க்கை உண்டு என்பதே அந்த இரண்டு கட்ட நோட்டில் இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. தமிழ்ப் பொருள் கட்டத்தில் 'சோகமான' என்ற சொல் பதினொரு இடங்களில் இருந்தது. மெலங்கலி, மரோஸ், சல்லன், விஸ்ட்ஃபுல், டெஸ்பாண்டன்ட், லுகூப்ரியஸ் எல்லாம் ஒரே மூட்டையில். தமிழில் நமக்கே ஏக்கம் வேறு, விரக்தி வேறு, சிடுசிடுப்பு வேறு. நல்ல தமிழ் தெரிந்த பெண் தன் தமிழைப் பயன்படுத்தாமலே ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் நாவலிலிருந்து சுமார் 300 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தைக் கொடுத்து, தெரியாத சொற்களை அடிக்கோடிடச் சொன்னேன். 19 சொற்களுக்குக் கோடு விழுந்தது. எழுத்தாங்கிலத்தை யார் உதவியும் இல்லாமல் படிக்க நூற்றுக்கு 98 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று சொற்பயிற்சி ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். அந்தக் கணக்குப்படி இந்தப் பக்கத்தில் ஆறு சொல் வரை தெரியாமல் இருக்கலாம். 19 என்பது மூன்று மடங்கு. ஆனாலும் என்னைக் கவலைப்பட வைத்தவை அவர் கோடு போடாத சொற்கள்தான். அதே பக்கத்தில் 'சென்சிபிள்' ஓரிடத்தில் உணர்ந்திருப்பது என்ற பொருளிலும், 'வான்ட்' இல்லாமை என்ற பொருளிலும் வந்திருந்தன. இரண்டையும் தெரிந்த சொற்களாக நினைத்துத் தாண்டிவிட்டார்.

முதல் முடிவும் அதன் பிழையும்

ஆகஸ்ட் தொடக்கத்தில் நான் எடுத்த முடிவு: பட்டியலை நிறுத்திவிட்டு, லத்தீன் கிரேக்க வேர்களிலிருந்து தொடங்குவது. நான் படித்த விதம் அது. அதனால் யோசிக்காமல் அதையே கொடுத்தேன்.

பலன் இல்லாமல் இல்லை. பார்த்தல் என்ற லத்தீன் வேரிலிருந்து இன்ஸ்பெக்ட், ரெட்ரோஸ்பெக்ட், கான்ஸ்பிக்யுவஸ் எல்லாம் கிளைத்து வருவதைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. 'சர்கம்ஸ்பெக்ட்' என்றால் சுற்றிலும் பார்ப்பது என்று சொன்னதும், "பகலில் பக்கம் பார்த்துப் பேசு" என்று பழமொழியைத் தூக்கிப் போட்டார். அதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் இல்லை.

உடல்நீர்கள் பற்றிய பழைய கிரேக்க மருத்துவக் கருத்தும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நாலு. இரத்தம் மிகுந்தவன் சேங்க்வின், கபம் மிகுந்தவன் ஃபிளெக்மாட்டிக், மஞ்சள் பித்தக்காரன் காலரிக், கரும்பித்தக்காரன் மெலங்கலிக். வாதம், பித்தம், கபம் என்று கேட்டு வளர்ந்தவருக்கு, 'பித்தம் தலைக்கேறிடுச்சு' என்று திட்டு வாங்கியவருக்கு, இது அந்நியமே இல்லை. நல்ல இரத்தம் ஓடுகிறவன் முகமலர்ச்சியோடு இருப்பான், இரத்தம் சிந்த நினைப்பவன் சேங்க்வினரி. அதன்பிறகு அந்த இரண்டையும் அவர் குழப்பியதே இல்லை.

ஆனால் ஐந்தாம் வாரம் வேர்களே காலை வாரின. 'எனர்வேட்' என்ற சொல்லை எனர்ஜியோடு சேர்த்து, தெம்பு கொடுப்பது என்று ஊகித்தார். உண்மையில் நரம்பைப் பிடுங்கிவிட்டாற்போல் சோர வைப்பது. 'நாய்ஸம்' என்பதைச் சத்தத்தோடு சேர்த்தார். அது துர்நாற்றம். வேர் என்பது, சந்தித்த சொல்லை மறக்காமல் வைத்துக்கொள்ள உதவுகிறது. சந்திக்காத சொல்லை அதை வைத்து ஊகித்தால் ஏமாற்றிவிடும். இந்த வேறுபாட்டை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆறு வாரம் போய்விட்டது.

செப்டம்பரில் எடுத்த முடிவுகள்

ஒரே நாவலை மறுபடி முதலிலிருந்து, ஒரு நாளைக்கு மூன்று பக்கம் படிப்பது. வாரத்துக்கு எட்டுச் சொற்களுக்கு மேல் எடுக்கக் கூடாது. எட்டில் குறைந்தது மூன்று 'தெரிந்த' சொல்லாக, அதாவது பொருள் மாறியிருக்கக்கூடிய சுலபமான சொல்லாக இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதிக்கு அவர் முதலில் மல்லுக்கட்டினார். "தெரிஞ்ச சொல்லை எதுக்கு சார் எழுதணும்?" என்று கேட்டார். 'நாற்றம்' என்ற சொல்லைச் சொன்னேன். குறளில் நாற்றம் என்றால் பூவின் மணம். இன்றைக்கு அதைப் பூவுக்குச் சொன்னால் பூக்காரம்மா சண்டைக்கு வந்துவிடுவார். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலமும் அப்படித்தான் என்றதும் ஒத்துக்கொண்டார்.

நோட்டுக்குப் பதிலாக அட்டைகள். வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெள்ளையான பின்பக்கத்தைப் பயன்படுத்தினார். முன்னால் சொல் மட்டும். பின்னால் நாவலில் அது வந்த முழு வாக்கியம், யார் யாரிடம் சொல்கிறார், பாராட்டா பழிப்பா, அந்தச் சொல்லோடு கூடவே வருகிற சொற்கள், கடைசியாகத் தமிழ். தமிழ் வரியில் 'சோகமான' என்ற சொல்லுக்குத் தடை. சல்லன் என்ற அட்டையில் 'முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு' என்று எழுதினார். விஸ்ட்ஃபுல்லுக்கு 'கிடைக்காததை நினைத்து மெல்லிய ஏக்கம்'. மரோஸுக்கு 'உர்ரென்று'.

அட்டைகளை மூன்று ஸ்வீட் டப்பாக்களில் போட்டார். தினம் ஒன்று, மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்று, வாரத்துக்கு ஒருமுறை ஒன்று. சரியாகச் சொன்னால் அடுத்த டப்பா, தப்பினால் முதல் டப்பா. இது செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் எழுதிப் பரப்பிய முறை. எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

அகராதிகளில், பொருளுக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ் அகராதி. சொல் எதோடு சேரும் என்பதற்குக் கற்போருக்கான ஆங்கில அகராதி. சந்தேகம் வந்தால், நூறு கோடிச் சொற்களுக்கு மேல் கொண்ட 'கோகா' என்னும் அமெரிக்க ஆங்கில எழுத்து, பேச்சுத் தொகுப்பில் அந்தச் சொல்லின் அக்கம்பக்கத்தைப் பார்ப்பது. பழைய பொருளுக்கு சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதி. அதில் 'கேண்டிட்' என்ற பதிவுக்குக் கீழே வெள்ளை என்றும், தீய எண்ணம் இல்லாத என்றும் பொருள் இருப்பதை அவரே கண்டுபிடித்தார். அன்றைக்கு அந்த அட்டையின் தமிழ் வரியில் அவர் எழுதியது 'வெள்ளை மனசு'. லத்தீனிலும் அந்தச் சொல் வெண்மைதான். அந்த அட்டையை இன்னமும் நான் வைத்திருக்கிறேன்.

அக்டோபர்: எதிர்பாராத பின்னடைவு

துறைக் கருத்தரங்கில் அவர் ஐந்து நிமிடம் பேசினார். உள்ளடக்கம் நன்றாக இருந்ததாம். ஆனால் 'இபிடமி' என்பதை 'எபிடோம்' என்றும், 'ஹைபர்பலி' என்பதை 'ஹைபர்போல்' என்றும் உச்சரித்துவிட்டார். பின்வரிசையில் சிரிப்பு. அதன்பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

இதில் தவறு என்னுடையது. சொற்கள் அத்தனையும் அவருக்குக் கண் வழியாக மட்டுமே வந்திருந்தன. எழுத்தை நம்பிப் படிப்பது தமிழ் பழக்கிவிட்ட பழக்கம், ஆங்கிலத்தில் அது கைகொடுக்காது. அட்டையில் அத்தனை வரிகள் வைத்த நான் ஒலிக்கு ஒரு வரி வைக்கவில்லை. தவிர, இரண்டு மாதமாக அவர் பிழைகளை மட்டுமே எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே அஞ்சிக்கொண்டிருந்தவர் முழுதாக ஒடுங்கிவிட்டார்.

நவம்பரில் இரண்டு மாற்றம் செய்தோம். ஒவ்வொரு அட்டையிலும் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, அழுத்தம் விழும் அசைக்குக் கீழே ஒரு கோடு. எங்கள் வகுப்பின் முதல் கால் மணி நேரம் நாவலை உரக்க வாசிப்பது. வாசிக்கும்போது நான் குறுக்கிடக் கூடாது. முடிந்த பிறகு இரண்டே இரண்டு சொற்களைத்தான் திருத்தலாம். இந்த வரம்பு எனக்காகப் போட்டது.

என்ன ஆயிற்று

பிப்ரவரி இறுதியில் நாவல் முடிந்தது. தொடக்கத்தில் மூன்று பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தவர், கடைசி அத்தியாயங்களில் அரை மணிக்குள் முடித்தார். டப்பாக்களில் 160 அட்டைகள் இருந்தன. மார்ச்சில் அவற்றில் 50 எடுத்து, ஜூலையில் வைத்த அதே மாதிரியான வாக்கியச் சோதனையை வைத்தேன். 42 சரி. 3,500-உடன் ஒப்பிட்டால் 160 சின்ன எண்தான். அது அவருக்கும் கொஞ்ச நாள் உறுத்தியது.

படிப்பில் வந்த மாற்றம் காலின்ஸ் என்ற பாதிரியார் பாத்திரத்தைப் படித்தபோது தெரிந்தது. அவர் தன் புரவலரான சீமாட்டியின் 'காண்டிசென்ஷன்' பற்றிப் புகழ்ந்து தள்ளுவார். இன்றைக்கு அந்தச் சொல் மட்டம் தட்டும் தோரணையைக் குறிக்கிறது. அன்றைக்கு, மேலே இருப்பவர் இறங்கி வந்து காட்டும் பரிவு. இந்தத் தடவை நான் வாய் திறப்பதற்குள் மாணவி நிறுத்தினார். "சார், இவரு பாராட்டாத்தான் சொல்றாரு. ஆனா நமக்கு அந்தம்மா மட்டம் தட்டுறது தெரியுது. இவருக்குத்தான் தெரியலை" என்றார். பாத்திரத்தின் வாயில் பாராட்டு, ஆசிரியரின் கையில் நையாண்டி. ஒரே சொல்லில் இரண்டையும் பிடித்துவிட்டார்.

கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதினார். ஜேன் ஏன் மனசைக் காட்டாதவள், அவளை எலிசபெத் ஏன் கேண்டிட் என்கிறாள் என்பதே புதிய வாதம். பெரிய சொற்கள் குறைவு. 'சேங்க்வின்' ஒரே ஒரு இடத்தில், சரியாக. பேராசிரியர் அதை இறுதி ஆண்டு ஆய்வேடாக விரிக்கச் சொன்னார்.

நெட் தேர்வில் அந்தத் தடவை அவர் தேறவில்லை. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மூன்று மணி நேரம். இலக்கிய வரலாறு, கோட்பாடு, மொழியியல், ஆய்வு முறை என்று பரந்து கிடக்கிற பாடத்திட்டம் அது. ஒரே நாவலில் ஆழமாகப் போன ஆறு மாதம் அந்தப் பரப்புக்கு ஈடாகாது. இதை நான் செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். வாசிப்பு மேம்படும், தேர்வுக்குத் தனியாகப் படிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் நேரத்தை வேறுமாதிரி பிரித்திருப்பார்.

மறுபடி செய்தால் மாற்றுவது

முதல் நாளே உரக்க வாசிப்பில் தொடங்குவேன். அட்டையின் முதல் வரி ஒலிக்கு.

வேர்களுக்கு ஆறு வாரம் ஒதுக்க மாட்டேன். நாவலில் ஒரு சொல் வந்த பிறகு அதன் வேரை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு நகர்வேன்.

படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய சொற்களையும், எழுதவும் பேசவும் வேண்டிய சொற்களையும் தனித்தனி நிற அட்டையில் பிரிப்பேன். லுகூப்ரியஸைப் பார்த்தால் புரிந்தால் போதும், அவர் அதை எழுத வேண்டிய சந்தர்ப்பம் வாழ்க்கையில் ஒன்றோ இரண்டோ வரலாம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததால் அவருக்குத் தேவையில்லாத சுமை ஏறியது. 160-இல் எழுதத் தகுந்தவை அறுபது இருந்தால் அதிகம்.

பழைய நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில், "இதைத் தூக்கிப் போட்டுடும்மா" என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருட உழைப்பைப் பற்றி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் தூக்கிப் போடவும் இல்லை. நாவலில் ஒரு சொல் எதிர்ப்படும்போதெல்லாம் அந்த நோட்டைத் திறந்து, காலியாக இருந்த மூன்றாவது கட்டத்தில் அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். ஏப்ரலில்தான் எனக்குக் காட்டினார். நூற்றுக்கு மேற்பட்ட கட்டங்கள் வேறு மையில் நிரம்பியிருந்தன. இப்போது வேறொரு நாவல் படிக்கிறார், அந்த மூன்றாவது கட்டத்தை இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.